கால் மேலே ஏறுகிறது, உடம்பு செங்குத்தாகத் தொங்குகிறது: ட்ரை சூட்டில் ஈயத்தை எங்கே வைப்பது?

இங்கிலாந்தில் வசிக்கும் 38 வயது வாசகி ஒருவர் ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

ஏழு வருடங்களுக்கு முன் அந்தமானில் டைவிங் கற்றவர். அங்கே 3 மில்லிமீட்டர் வெட் சூட் (உள்ளே தண்ணீர் புகும் ரப்பர் உடை), அலுமினிய சிலிண்டர், மூழ்குவதற்காக இடுப்பில் 4 கிலோ ஈயம். "மீன் மாதிரி மிதந்தேன்" என்கிறார். இப்போது லெஸ்டர்ஷயரில் ஸ்டோனி கோவ் என்ற, தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரியில் டைவ் செய்கிறார். மெல்லிய துணி வகை ட்ரை சூட் (தண்ணீர் புகாத, உள்ளே காற்று விடும் உடை), உள்ளே கதகதப்புக்குத் தடித்த அண்டர்சூட், 12 லிட்டர் இரும்பு சிலிண்டர். முதல் நாள் மேற்பரப்பிலேயே மூழ்க முடியாமல் தவித்ததால் பெல்ட்டில் 14 கிலோ ஏற்றினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அதே 14 கிலோதான்.

அவருடைய தொல்லைகள் இரண்டு. நீந்தும்போது கால் கீழே தொங்கி, உடம்பு பாதி நின்ற நிலையில் போகிறது. கரைக்கு வந்தால் இடுப்பு விட்டுப்போகிறது. இரண்டாவது, மூன்று வாரம் முன்பு 8 மீட்டரில் ஒரு பாறைக்கு அடியில் எட்டிப் பார்க்கத் தலையைக் கவிழ்த்தார். காற்று முழுவதும் காலுக்கு ஓடி, கால் மேலே, தலை கீழே என்று மேற்பரப்புவரை தூக்கிக்கொண்டு போய்விட்டது. உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

கூட டைவ் செய்யும் நண்பர் கணுக்காலுக்கு ஒரு கிலோ வீதம் இரண்டு பட்டைகள் கட்டச் சொல்கிறார். இன்னொருவர் "எடை கூட இருந்தால்தான் பாதுகாப்பு, குறைக்காதே" என்கிறார். கணவர் டைவிங்கையே விட்டுவிடச் சொல்கிறார். அக்டோபரில் ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ கடற்பகுதிக்குப் போக முன்பணம் கட்டியாகிவிட்டது. என்ன செய்யட்டும் என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 8 மீட்டர் சம்பவம். மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே வந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அதைச் செய்தது பெரிய விஷயம். நுரையீரலைக் காப்பாற்றியது அதுதான். மூன்று வாரம் கழித்தும் எந்த அறிகுறியும் இல்லை என்பதால் அதைப் பற்றி இனிக் கவலை வேண்டாம். ஆனால் இனி எப்போதாவது இப்படி வேகமாக மேலே வந்தபின் மூட்டு வலி, மரமரப்பு, தலைசுற்றல், காரணமில்லாத அசதி, மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விடக்கூடாது. உடனே ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்ள வேண்டும். டைவிங் மருத்துவம் தெரிந்தவரிடம் பேச வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. நீங்கள் இதை இரண்டு கோளாறாக எழுதியிருக்கிறீர்கள்: நீந்தும்போது கால் தொங்குவது ஒன்று, கவிழ்ந்தால் கால் மேலே ஏறுவது இன்னொன்று. ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருப்பதால்தான் குழம்பிப் போயிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கோளாறாகத்தான் தெரிகிறது. உங்களிடம் ஈயம் அதிகம். அதனால் சூட்டுக்குள் காற்றும் அதிகம். அந்தக் காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் உங்களைத் தூக்குகிறது. தலை சற்று உயரமாக இருந்தால் தோளுக்குப் போய்த் தோளைத் தூக்கும், கால் தொங்கும். தலையைக் கவிழ்த்தால் காலுக்குப் போய்க் காலைத் தூக்கும்.

ஆகவே ஈயத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு முன்னால், எவ்வளவு ஈயம் என்ற கேள்வி வருகிறது.

14 கிலோ எப்படி வந்தது

முதல் நாளை நினைத்துப் பாருங்கள். புது சூட், அண்டர்சூட்டின் மடிப்பெல்லாம் காற்று. பதற்றத்தில் மூச்சை உள்ளேயே பிடித்திருப்பீர்கள். சூட்டின் காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வைப் பாதி மூடியே வைத்திருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள், தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்ற பயத்தில். இத்தனையும் சேர்ந்தால் யாராக இருந்தாலும் மூழ்க மாட்டார்கள். கரையில் நின்றவர் இன்னும் இரண்டு கிலோ, இன்னும் இரண்டு கிலோ என்று கொடுத்திருப்பார். அந்த நேரத்துக்கு அது வேலை செய்தது. ஆனால் அது உங்கள் உடம்புக்கான கணக்கு அல்ல, அந்த நாளின் பதற்றத்துக்கான கணக்கு.

ஒரு கிலோ ஈயம் கூடுதலாக இருந்தால், அதைச் சமன் செய்ய ஏறக்குறைய ஒரு லிட்டர் காற்றை எங்காவது சேர்த்தாக வேண்டும். உங்களுக்கு 3, 4 கிலோ கூடுதல் என்பது என் ஊகம். 4 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு லிட்டர் பால் பாக்கெட் நான்கு சூட்டுக்குள்ளே அங்கும் இங்கும் உருண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேற்பரப்பில் அழுத்தம் 1 பார் என்றால் 8 மீட்டரில் 1.8 பார். அங்கிருந்து காற்றை விடாமல் 3 மீட்டருக்கு வந்தால் அந்த 4 லிட்டர் 5.5 லிட்டர் ஆகும். மேற்பரப்பில் 7 லிட்டரைத் தாண்டும். ஏற ஏற இன்னும் வேகமாகத் தூக்கும். அன்று உங்களை மேலே கொண்டுபோனது இந்தக் காற்றுதான். வால்வோ தோளுக்குக் கீழே இடது கையில் இருக்கிறது, காற்று காலில் இருக்கிறது. வால்வு முழுதாகத் திறந்திருந்தாலும் அந்த நிலையில் வெளியே போக வழியில்லை.

"எடை கூட இருந்தால் பாதுகாப்பு" என்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கூடுதல் எடை உங்களைக் கீழே பிடித்து வைப்பதில்லை. அது கூடுதல் காற்றைக் கேட்கிறது. அந்தக் காற்றுதான் உங்களை மேலே இழுக்கிறது. இது போக, கனத்தோடு தண்ணீரைத் தள்ளி நீந்தினால் மூச்சு வாங்கும், காற்று சீக்கிரம் தீரும்.

அதற்காக அடுத்த வாரமே 4 கிலோவைக் கழற்றிவிடாதீர்கள். உங்கள் சிலிண்டர் நிரம்பி 232 பாரில் இருக்கும்போது உள்ளே உள்ள காற்றின் எடையே 3 கிலோவுக்கு மேல். 50 பாருக்கு வரும்போது சுமார் 2.6 கிலோ குறைந்திருக்கும். ஆரம்பத்தில் சரியாகத் தோன்றும் எடை, டைவ் முடியும்போது, மேலே வருமுன் சற்று நிற்கும் 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே தள்ளும். எடை போதாமல் இருப்பதும் அதே அளவுக்கு ஆபத்துதான். அதனால்தான் எடையைச் சோதிக்க வேண்டிய நேரம் டைவின் கடைசி.

அந்தமானின் 4 கிலோவை இங்கே ஒப்பிட வேண்டாம். அங்கே உங்கள் சூட் வேறு, தண்ணீர் வேறு. அலுமினிய சிலிண்டர் காலியானதும் மிதக்கும். இரும்பு சிலிண்டர் காலியானாலும் அப்படி மிதக்காது. உடல் எடையில் இத்தனை சதவீதம் என்ற சூத்திரங்களும் ட்ரை சூட்டில் தொடக்கப் புள்ளிக்கு மட்டும்தான் உதவும். ஈயத்தின் பெரும்பகுதி உங்கள் உடம்புக்காக அல்ல, அண்டர்சூட்டில் தங்கும் காற்றுக்காக.

எடையைச் சோதிக்கும் முறை

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். ஒரு இன்ஸ்ட்ரக்டரிடம் "எனக்கு ஒரு டைவ் முழுக்க எடை சோதனைக்கு வேண்டும்" என்று நேராகக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தொந்தரவு கொடுக்கிறோமோ என்ற கூச்சம் உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் தெரிகிறது, அது வேண்டாம்.

ஸ்டோனி கோவ் குவாரியில் 6, 7 மீட்டர் ஆழத்தில் அகலமான பாறைத்தளம் இருக்கிறது. அதன் மேல், கயிறு ஒன்றின் பக்கத்தில் செய்யலாம். பெல்ட்டில் இருக்கும் ஈயத்தில் 4 கிலோவை மட்டும் ஒரு கிலோ கட்டிகளாகப் பிரித்து, சுலபமாக எடுக்க முடிகிற பையில் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் 50 பார் அளவுக்கு வந்ததும் 5 மீட்டரில் நில்லுங்கள். பிசிடியில் (மிதப்பைச் சரிசெய்ய அணியும் காற்றுப்பை அங்கி) உள்ள காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். டம்ப் வால்வை முழுதாகத் திறந்து, இடது முழங்கையை உயர்த்தி, சூட் உடம்பை இலேசாக அணைக்கும் வரை காற்றை விடுங்கள். பிடித்துக் கிள்ளும் அளவுக்கு வேண்டாம். குளிராமல், கையைத் தாராளமாக நீட்ட முடிகிற அளவுக்குக் காற்று இருக்க வேண்டும்.

இப்போது மூழ்குகிறீர்களா? ஒரு கட்டியை எடுத்து இன்ஸ்ட்ரக்டரிடம் கொடுங்கள். ஒரு நிமிடம் காத்திருங்கள். இன்னும் மூழ்கினால் அடுத்தது. மூச்சை இழுத்தால் சற்று மேலே, விட்டால் சற்று கீழே என்று வந்துவிட்டால், அதுதான் உங்கள் எடை. பெல்ட்டின் கொக்கியை மட்டும் தண்ணீருக்குள் திறக்காதீர்கள்.

கிடைத்த எண்ணை எந்த அண்டர்சூட், எந்த சிலிண்டர், நன்னீரா உப்புநீரா என்பதோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். ஜனவரியில் உள்ளே இன்னொரு அடுக்கு போட்டால் எண் மாறும்.

பிறகுதான் எங்கே என்ற கேள்வி

தோளில் காவடிக் கம்பு வைத்து இரண்டு பக்கமும் குடம் தொங்கவிட்டு நடப்பவரைப் பார்த்திருப்பீர்கள். குடம் அதேதான், கம்பில் அரை அடி தள்ளி மாட்டினால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தண்ணீரில் உங்கள் உடம்புதான் அந்தக் கம்பு. எவ்வளவு எடை என்பதோடு, நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் கணக்கில் வருகிறது. இப்போது உங்கள் ஈயம் முழுவதும் இடுப்பில், கனமான ரப்பர் ஃபின் (நீந்துவதற்கான துடுப்பு) காலில், சூட்டின் காற்று தோளில். கால் தொங்காமல் என்ன செய்யும்?

ஈயத்தை நகர்த்துவதற்கு முன் உடம்பைச் சரிபாருங்கள். 5, 6 மீட்டரில் ஃபின் அடிப்பதை நிறுத்துங்கள். கைகளை முன்னால் நீட்டிக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்காலை மடக்கி ஃபின்னை உடம்புக்குப் பின்னால் உயர்த்துங்கள். கழுத்தை நிமிர்த்தி முன்னால் பாருங்கள், பிட்டத் தசைகளை இறுக்குங்கள். அப்படியே இருபது விநாடி அசையாமல் இருந்து, எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று கவனியுங்கள். கூட்டாளியைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பலர் தாங்கள் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு 40 டிகிரி சாய்வில் போவதை நான் வாராவாரம் பார்க்கிறேன். எடை குறைந்து, உடம்பும் நேரானால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்குப் பிறகும் கால் தொங்கினால், இடுப்பிலிருந்து இரண்டு கிலோவை எடுத்து சிலிண்டரின் மேல் பட்டையில் மாட்டும் சிறிய பைகளில், பக்கத்துக்கு ஒரு கிலோவாக வையுங்கள். இடுப்புக்கும் அதற்கும் சுமார் 40 சென்டிமீட்டர் தூரம். அந்த இரண்டு கிலோ நன்றாகவே பேசும். ஒரே டைவில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

சிலிண்டரையே மேலே ஏற்றலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஏற்றிப் பார்க்கலாம், தலை இடிக்காத வரை. ஆனால் கரையில் 18 கிலோ கனக்கும் அது தண்ணீருக்குள் நிறைந்திருக்கும்போது 4 கிலோ போலத்தான் இருக்கும். காலியானதும் அந்தக் கனமும் பெரும்பாலும் போய்விடும். பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

மொத்தம் 11 கிலோ என்று வந்தால் நான் இப்படிப் பிரிப்பேன்: பெல்ட்டில் 5, பிசிடியின் இழுத்துக் கழற்றும் பைகளில் 2 வீதம் 4, சிலிண்டர் பட்டையில் 2. இடுப்பு வலியும் இதில் குறையும். எல்லாவற்றையும் ஒரே கொக்கியில் தொங்கவிடாததற்கு இன்னொரு காரணம் உண்டு. ஆழத்தில் சூட் நசுங்கி பெல்ட் தளர்கிறது. இடுப்பிலிருந்து அது நழுவி 14 கிலோவும் ஒரே நொடியில் போனால், அன்று நடந்ததைவிட மோசமாக மேலே எறியப்படுவீர்கள். கீழே போனதும் ஒருமுறை பெல்ட்டை இறுக்கிப் பார்க்கிற பழக்கம் வேண்டும். அதே நேரத்தில், மேற்பரப்பில் அவசரம் என்றால் கழற்றி எறிய கொஞ்சமாவது இருக்க வேண்டும். பெல்ட்டும் இழுக்கும் பைகளும் அதற்குப் போதும்.

கணுக்கால் பட்டை வேண்டாம்

நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் உங்கள் வழக்கமான தொல்லை கால் தொங்குவது. உடம்பின் கடைக்கோடியில் இரண்டு கிலோ கட்டினால் அது இன்னும் மோசமாகும். ஒவ்வொரு உதைக்கும் அந்தக் கனத்தைத் தூக்க வேண்டும், தொடை ஓய்ந்துபோகும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லில் காலை வைத்துத்தான் கடலில் இறங்கினார்கள். அவர்களுக்கு நேராகக் கீழே போக வேண்டியிருந்தது. போனதும் கல்லை விட்டுவிடுவார்கள், மேலே இருப்பவர் கயிற்றோடு இழுத்துக்கொள்வார். உங்களுக்குப் படுத்தாற்போல மிதக்க வேண்டும், கனத்தையும் கடைசிவரை சுமக்க வேண்டும்.

எடையும் உடம்பும் சரியான பிறகும், படுத்த நிலையில் கால் மேலே ஏறுகிறது என்றால் அப்போது அரை கிலோ பட்டையைப் பற்றி யோசிக்கலாம். அதற்கும் முன்னால் பூட்ஸ் காலுக்குப் பெரிதா என்று பாருங்கள். அந்த இடத்தில் காற்று தங்கும். காலைக் கதகதப்பாக வைக்க வேண்டுமென்றே காலுக்குக் காற்று விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். தடித்த காலுறை போடுங்கள்.

சூட்டா, பிசிடியா?

மிதப்பைச் சூட்டின் காற்றால் சமாளிப்பதா, பிசிடியாலா என்பதில் பயிற்சி நிறுவனங்களே ஒரே குரலில் பேசுவதில்லை. நான் சொல்லிக்கொடுப்பது இது: சூட்டில் உடம்பைக் கிள்ளாத அளவுக்கும் குளிர் தாங்குகிற அளவுக்கும் காற்று, மீதி எல்லாம் பிசிடியில். பிசிடியின் காற்று ஒரு பைக்குள் அடங்கி இருக்கும், காலுக்கு ஓடாது. காற்றை உள்ளே விடும் இன்ஃப்ளேட்டர் பொத்தானைத் தொட்டுத் தொட்டு விடுங்கள். குளிர்காலக் குவாரித் தண்ணீரில் நீளமாக அழுத்திப் பிடித்தால், சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டர் உறைந்து காற்று கொட்ட ஆரம்பிக்கலாம். மேலே வரும்போது டம்ப் வால்வு முழுதாகத் திறந்திருக்கட்டும். அது ஒருவழி வால்வு. ஓரிரு சொட்டு வந்தாலும் வரட்டும்.

கால் மேலே ஏறுகிறது என்று தெரிந்த முதல் நொடியிலேயே முழங்காலை நெஞ்சுக்கு மடக்கிச் சுருண்டுகொள்ளுங்கள். ஃபின்னை ஓங்கி உதைத்து உருண்டு தலையை மேலே கொண்டுவாருங்கள். காற்று தோளுக்கு வந்ததும் இடது முழங்கையை உயர்த்தி வெளியேற்றுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே இருங்கள். தாமதித்தால் பிடிக்க முடியாது. இதை இன்ஸ்ட்ரக்டரோடு நீச்சல்குளத்தில் பத்து முறை செய்து பழகுங்கள். உங்கள் தூக்கம் திரும்ப வருவதற்கும் இதுதான் வழி என்று நினைக்கிறேன்.

ஸ்காப்பா ஃப்ளோ

1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியர்கள் தாங்களே மூழ்கடித்த கப்பல்களில் ஏழு இன்னும் அங்கே கிடக்கின்றன. பார்க்க ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் பெரிய போர்க்கப்பல்கள் 40 மீட்டரைத் தொடும் ஆழத்தில் கிடக்கின்றன. கார்ல்ஸ்ருஹே என்ற கப்பல் மட்டும் 25 மீட்டர் பக்கம்.

குவாரி நன்னீர், அது கடல். உப்புநீர் இரண்டரை சதவீதம் கூடுதல் கனம், அதனால் கூடுதலாக மிதக்க வைக்கும். நீங்களும் கருவிகளும் சேர்ந்து 105 கிலோ என்றால், குவாரியில் கிடைத்த எண்ணோடு சுமார் இரண்டரைக் கிலோ சேர்க்க வேண்டும். அந்தக் கூடுதலையும் ஒரே இடத்தில் போடாமல் இடுப்புக்கும் தோளுக்கும் பிரியுங்கள், இல்லையென்றால் பாடுபட்டுக் கொண்டுவந்த சமநிலை மறுபடி சாயும். அங்கே போய் முதல்முறையாகச் சோதிப்பதற்குப் பதில், அதற்கு முன் இங்கிலாந்தின் தென்கரையில் எங்காவது இரண்டு கடல் டைவ் செய்து எண்ணை உறுதிசெய்யுங்கள்.

செப்டம்பர் கடைசிக்குள் இந்த மூன்றும் நடந்திருந்தால் போங்கள்: 5 மீட்டரில் 50 பாரில் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்க வருகிறது, கவிழ்ந்து மீள்வது கைவந்துவிட்டது, கடலில் இரண்டு டைவ் முடிந்திருக்கிறது. ஒன்று குறைந்தாலும் முன்பணத்தைப் பார்க்காமல் அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள்.

உங்கள் கணவருக்கு டைவிங் மேல் கோபம் இல்லை. அன்று கரையில் நின்று நீங்கள் காலை மேலே வைத்து வந்ததைப் பார்த்தவர் அவர். எடை சோதனை நாளில் அவரையும் குவாரிக்கு அழைத்துப் போங்கள். கூட்டாளி எடுக்கும் வீடியோவை, தண்ணீரைவிட்டு வந்ததும் முதலில் அவரிடம் காட்டுங்கள்.